ஐந்து கோப்புகளும் ஒரு யூபிஎஸ்ஸும்

கார்த்திகை மழை தொடங்கியதும் எங்கள் ஊர் வாசிகசாலையில் இரண்டு காரியங்கள் தவறாமல் நடக்கும். ஓட்டுக் கூரையின் ஒரு மூலையில் ஒழுக்கு வரும். மின்சாரம் கண் சிமிட்டத் தொடங்கும். ஒழுக்குக்கு வாளி வைத்தாயிற்று. மின்சாரத்துக்கு என்ன வைப்பது என்பதுதான் இந்தப் பதிவு.

காவோலை விழக் குருத்தோலை சிரிக்குமாம். எங்கள் ஒழுங்கையில் காவோலை மின்கம்பியில் விழுந்தால் சிரிக்க ஒருவரும் இருப்பதில்லை. போன மாரியில் அப்படி நின்ற மின்சாரம், வாசிகசாலைக் கணினியின் தரவுத்தளத்தையும் கொண்டுபோய்விட்டது. பழைய திருவிழா மலர்கள், பாடசாலை ஆண்டு மலர்கள், வீடு வீடாகக் கேட்டு வாங்கிய அந்தியேட்டிக் கல்வெட்டுகள் (இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறு நூல்கள்) எல்லாவற்றையும் வருடியால் படமாக்கி அதில்தான் சேர்த்து வைத்திருக்கிறோம். படங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எந்தப் படம் எந்த மலரின் எத்தனையாம் பக்கம் என்று சொல்லும் அட்டவணை ஒன்று, மரியாடிபி என்ற தரவுத்தள மென்பொருளில் இருந்தது, திறக்க மறுத்தது. பழைய பிரதியிலிருந்து அதை மீட்டெடுக்க இரண்டு பின்னேரங்கள் போயின.

வேடிக்கை என்னவென்றால், மின்சாரம் நின்றால் கணினியைப் பற்றரியில் கொஞ்ச நேரம் தாங்கும் யூபிஎஸ் பெட்டி அங்கே இருந்தது. மின்சாரம் நின்றதும் அது பீப் பீப் என்று கத்தியது, ஏழு நிமிடம் தாங்கியது, பிறகு ஓய்ந்தது. கணினிக்கு இது எதுவுமே தெரியாது. உடனே சாக வேண்டியது ஏழு நிமிடம் பிந்திச் செத்தது, அவ்வளவுதான். யூபிஎஸ்ஸோடு வந்த யூஎஸ்பி வடம் பெட்டியின் அடியில் பொலித்தீன் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது.

வாசிகசாலையைப் பார்த்துக்கொள்பவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். ஊர் முழுவதும் மாஸ்ரர் என்றே அழைக்கும். "இனி இதில் ஒரு டீமனை ஓடவிடப் போகிறேன், மாஸ்ரர்" என்றேன்.

"பேயா, தம்பி?"

1963 அளவில், எம்ஐடியில், பின்னணியில் ஓயாமல் வேலை பார்க்கும் நிரல்களுக்கு இயற்பியலாளர் மக்ஸ்வெல் கற்பனை செய்த பூதத்தை நினைத்து இட்ட பெயர் அது என்று விளக்கத் தொடங்கினேன். பாதியிலேயே நிறுத்திவிட்டு, ஒழுங்கை முடக்கில் ஆலமரத்தடியில் இருக்கும் வைரவரைக் காட்டினேன். கண்ணில் படமாட்டார், காவல் இருப்பார். மாஸ்ரருக்கு விளங்கிவிட்டது.

யூபிஎஸ் சொல்வதைக் கணினிக்குக் கேட்கவைக்க நான் எடுத்த மென்பொருளின் பெயர் நட். கட்டற்றது, பழையது, லினக்ஸ் வழங்கல்கள் பெரும்பாலானவற்றில் கிடைப்பது. வாசிகசாலைக் கணினியில் இருக்கும் வழங்கல் டெபியன் 12. அதில் நட்டின் 2.8.0 பதிப்பு வருகிறது. கோப்புப் பெயர்களையும் கட்டளைச் சொற்களையும் இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதுகிறேன். கணினிக்குள் அவை ஆங்கில எழுத்தில்தான் இருக்கும்.

நட் என்பது தனியொரு நிரலன்று, மூன்று பேர் நிற்கும் வரிசை. முதலாவது ஆள் டிரைவர்: யூஎஸ்பி வடத்தின் வழியாக யூபிஎஸ்ஸோடு நேரே கதைப்பவர். இரண்டாவது யூபிஎஸ்டி: டிரைவர் சொல்வதை வாங்கி வைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்கு 3493 என்ற வாயிலில் பதில் தருபவர். மூன்றாவது யூபிஎஸ்மொன்: சில விநாடிகளுக்கு ஒரு முறை அந்த வாயிலில் போய்க் கேட்டு, நிலைமை மோசமானால் கணினியை அணைப்பவர். முதலாவது ஆள் நிற்காவிட்டால் மற்ற இருவரும் நின்று பயனில்லை. ஆகவே பிழை தேடும்போதும் இந்த வரிசையிலேயே தேட வேண்டும். எனக்கு இது மூன்றாம் நாள்தான் உறைத்தது.

கணினியின் அமைப்புகள் இருக்கும் எட்சி கோப்புறைக்குள் நட் என்றொரு உள்கோப்புறை. அதற்குள் எனக்கு முதலில் தேவைப்பட்ட அமைப்புக் கோப்புகள் ஐந்து: நட் கொன்ஃப், யூபிஎஸ் கொன்ஃப், யூபிஎஸ்டி கொன்ஃப், யூபிஎஸ்டி யூசர்ஸ், யூபிஎஸ்மொன் கொன்ஃப். ஐந்தும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று நினைத்துத்தான் கை வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு இலக்கணம்.

நட் கொன்ஃப் மிகச் சிறியது. மோட் என்ற சொல்லுக்கு எதிரே நன் என்று இருந்தது, அதாவது ஒன்றும் ஓடாதே. ஒரே கணினியில் எல்லாம் இருப்பதால் அதை ஸ்டாண்ட்அலோன் என்று மாற்றினேன். மாற்றும்போது, பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று சமக்குறிக்கு இரு பக்கமும் ஒரு வெளி விட்டேன். சேவை எழும்பவில்லை. இந்தக் கோப்பை வாசிப்பது, கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல். அதற்குச் சமக்குறியைச் சுற்றி வெளி இருந்தால் அது மதிப்பு கொடுக்கும் வரியே அல்ல, மோட் என்றொரு கட்டளையை ஓட்டச் சொல்வதாக எடுத்துக்கொள்ளும். வெளி விடாதே என்று அந்தக் கோப்பின் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. குறிப்புகளை வாசிக்காமல் கீழே இறங்குகிறவர்களுக்கு அந்தக் குறிப்பு எழுதி என்ன பயன்?

யூபிஎஸ் கொன்ஃபில் வெளி விடலாம், ஒன்றும் சொல்லாது. சதுர அடைப்புக்குள் யூபிஎஸ்ஸுக்கு ஒரு பெயர். கீழே டிரைவர் எது, போர்ட் எது. பெயரை வாசிகை என்று வைத்தேன், ஆங்கில எழுத்தில்தான். எந்த டிரைவர் என்பதற்குத்தான் கொஞ்சம் தேடல் தேவைப்பட்டது. யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிட்டபோது 0665:5161 என்ற அடையாள எண் வந்தது. மலிவான யூபிஎஸ்களில் இந்த எண்ணை அடிக்கடி காணலாம். பெட்டியின் மேல் என்ன பெயர் ஒட்டியிருந்தாலும் உள்ளே இருக்கும் யூஎஸ்பி சில்லு ஒன்றுதான். இதற்கு உரியது நட்டிரைவ் கியூஎக்ஸ் என்ற டிரைவர். போர்ட் என்ற இடத்தில் ஓட்டோ என்று எழுதினால் போதும், தானே தேடிக்கொள்ளும்.

தேடியது, கண்டது, திறக்க முடியவில்லை என்றது. அனுமதி இல்லையாம். நான் அரை மணி நேரம் கோப்புகளின் உரிமைகளைப் பார்த்து மண்டையை உடைத்தேன். காரணம் மிகச் சாதாரணம்: சாதனத்தைச் செருகும்போது அதை நட் குழுவுக்கு உரிமையாக்கும் யூடெவ் விதி, நட்டை நிறுவியபோதுதான் வந்து சேர்ந்தது. வடம் அதற்கு முன்பே செருகப்பட்டிருந்தது. வடத்தைக் கழற்றித் திரும்பச் செருகினேன். டிரைவர் எழுந்தது.

யூபிஎஸ்டி கொன்ஃபை நான் தொடவே இல்லை. இந்தக் கணினிக்குள் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பதே அதன் இயல்பு, எனக்கும் அது போதும். இன்னொரு கணினியும் இதே யூபிஎஸ்ஸில் தொங்கினால் லிசன் என்ற வரியில் முகவரி கொடுக்க வேண்டியிருக்கும். அந்த வரியை மாற்றினால், கோப்பைத் திரும்ப வாசிக்கச் சொல்லும் ரீலோட் போதாது, சேவையை நிறுத்தித் திரும்பத் தொடங்க வேண்டும். அங்கே சமக்குறியே கிடையாது; சொல், வெளி, மதிப்பு.

யூபிஎஸ்டி யூசர்ஸ் இரண்டு இலக்கணங்களின் கலப்பு. சதுர அடைப்புக்குள் பயனர் பெயர். பாஸ்வேர்ட் என்ற சொல்லுக்குச் சமக்குறி. அதற்குக் கீழே யூபிஎஸ்மொன் பிரைமரி என்று சமக்குறி இல்லாத ஒரு வரி. அந்தக் கடைசி வரியை நான் எழுதவில்லை. பயனரும் இருக்கிறார், கடவுச்சொல்லும் சரி, இனி என்ன என்று நினைத்தேன். யூபிஎஸ்மொன் உள்ளே நுழையப் போய், எனக்கு இங்கே அனுமதி இல்லை என்று கணினியின் பதிவேட்டில் முறையிட்டது. பழைய வழிகாட்டிகளில் இந்த இடத்தில் மாஸ்டர், ஸ்லேவ் என்ற சொற்களைக் காண்பீர்கள், 2.8.0 இலிருந்து பிரைமரி, செகண்டரி. பழைய சொற்களையும் ஏற்கும்.

ஐந்தாவது, யூபிஎஸ்மொன் கொன்ஃப், நீளமானது. மொனிட்டர் என்று தொடங்கும் ஒரே வரிக்குள் யூபிஎஸ் பெயர், அது எந்தக் கணினியில், எத்தனை மின்வழங்கி, பயனர், கடவுச்சொல், தலைமையா துணையா என எல்லாம் வரிசையாக வர வேண்டும். கணினியை அணைக்கும் கட்டளையும் இங்கேதான். அதற்குக் கீழே பவர்டவுன்ஃபிளாக் என்று ஒரு வரி. அந்த வரியிடம் பிறகு வருகிறேன்.

இன்னொரு விடயம். இந்தக் கோப்புகளில் எண்குறி போட்ட வரிகளை நிரல் வாசிக்காது. நான் மாற்றிய ஒவ்வொரு வரிக்கும் மேலே, ஏன் மாற்றினேன் என்பதைத் திகதியோடு தமிழிலேயே எழுதி வைத்தேன். எந்த முறைப்பாடும் இல்லாமல் ஓடுகிறது. நாளைக்கு நான் கொழும்புக்கோ கனடாவுக்கோ போய்விட்டால், அடுத்து வரும் பிள்ளை இதைத் திறந்து வாசிக்க வேண்டுமல்லவா.

மூவரும் எழுந்த பின் யூபிஎஸ்சி என்ற கட்டளையால் நிலைமையைக் கேட்டேன். உள்வரும் மின்னழுத்தம் 226 வோல்ற்று, பற்றரி 13.5 வோல்ற்று, நிலை ஓஎல், அதாவது மின்சாரத்தில் இருக்கிறது. சுவரில் செருகியைக் கழற்றினால் ஓபி என்று மாறியது. பற்றரி இறங்கிக் கடைசி நிலைக்கு வந்தால் எல்பி என்றும் சேரும். ஓபியும் எல்பியும் ஒன்றாக வந்தால் யூபிஎஸ்மொன் கணினியை அணைத்துவிடும். கோப்புகளில் வேறொன்றும் எழுதாவிட்டால் இதுதான் நடக்கும். வேலை முடிந்தது என்று பிளேன்ரீ குடிக்கப் போயிருப்பேன். பற்றரி மிச்சம் எத்தனை வீதம் என்று காட்டிய எண்தான் தடுத்தது.

செருகியைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். 84 வீதம். கொஞ்ச நேரத்தில் 61. பாதிக்கு மேல் இருக்கிறது என்று நம்பி ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கும்போதே யூபிஎஸ் ஓய்ந்துவிட்டது. எல்பி என்ற எழுத்தை நான் காணவே இல்லை.

ஏன் என்று தோண்டினால், இந்த வகை யூபிஎஸ் வீதக்கணக்கு எதையும் சொல்வதே இல்லை. கணினி கியூ1 என்று கேட்கும்; அது ஒரே வரியில் பதில் தரும். உள்வரும் மின்னழுத்தம், வெளியே போகும் மின்னழுத்தம், சுமை, அதிர்வெண், பற்றரி மின்னழுத்தம், வெப்பநிலை, கடைசியில் எட்டுப் பூச்சியம் ஒன்றுகள். அந்த எட்டில் முதலாவது மின்சாரம் நின்றதா என்பது, இரண்டாவது பற்றரி தாழ்ந்ததா என்பது. வீதம் என்பது டிரைவர் தானாகப் போட்டுக்கொள்ளும் கணக்கு: 12 வோல்ற்றுப் பற்றரிக்கு 10.4 என்றால் பூச்சியம், 13.0 என்றால் நூறு, இடையில் நேர்கோடு. 12.0 வோல்ற்று அந்தக் கோட்டில் ஏறக்குறைய 61.5 வீதம். ஈய அமிலப் பற்றரி நேர்கோட்டில் இறங்குவதில்லை. நெடுநேரம் மெல்ல இறங்கி, முடிவில் கிணற்றுக்குள் விழுந்த வாளி போலப் போகும். அதுவும் மூன்று மாரி கண்ட பற்றரி என்றால் கேட்க வேண்டியதில்லை.

ஆகவே எல்பியை நம்புவதில்லை என்று முடிவெடுத்தேன். ஏழு நிமிடம் தாங்கும் என்பது தெரியும். கணினி ஒழுங்காக அணைய முக்கால் நிமிடம். எங்கள் பக்கத்து மின்தடைகளில் பெரும்பாலானவை ஒரு நிமிடத்தைத் தாண்டுவதில்லை, தாண்டினால் அரைநாள். அப்படியானால் இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு அணைத்துவிடுவதுதான் புத்தி.

இதற்கு யூபிஎஸ்ஷெட் என்ற துணை நிரல் இருக்கிறது. ஆறாவது கோப்பு, ஆறாவது இலக்கணம். ஓபி வந்தால் 120 விநாடி மணியை முடுக்கு. மின்சாரம் வந்தால் மணியை நிறுத்து. மணி முடிந்தால் இந்தச் சிறு நிரலை ஓட்டு. அந்தச் சிறு நிரல், உடனே அணை என்று யூபிஎஸ்மொனுக்குச் சொல்லும். மாதிரிக் கோப்பில் பைப், லொக் என்ற இரண்டு வரிகளும் எண்குறிக்குப் பின்னால் ஒளிந்திருந்தன. அவற்றை விடுவித்து, மணி வரிகளுக்கு மேலே இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். யூபிஎஸ்மொன் கொன்ஃபிலும் திரும்பப் போய், ஓபி, ஓஎல் இரண்டுக்கும் எக்செக் என்ற கொடியைச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் யூபிஎஸ்ஷெட்டை யாரும் கூப்பிடமாட்டார்கள். சிறு நிரலுக்கு ஓடும் அனுமதி கொடுக்க மறந்து ஒரு மணி நேரம் போனது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

சனிக்கிழமை பின்னேரம் ஒத்திகை. மெய்யாக அணையவேண்டாம் என்று, அணைக்கும் கட்டளை இருந்த இடத்தில், பதிவேட்டில் ஒரு வரி எழுதும் கட்டளையைப் போட்டு வைத்தேன். மாஸ்ரர் கையில் கடிகாரத்தோடு நின்றார். செருகியைக் கழற்றினேன். இரண்டு நிமிடமும் சில விநாடிகளும் கழித்துப் பதிவேட்டில் வரி வந்தது. செருகியைத் திரும்பப் போட்டேன். உண்மையான அணைக்கும் கட்டளையைக் கோப்பில் எழுதிச் சேமித்தேன். யூபிஎஸ்மொன் ஒத்திகையோடு தன் வேலை முடிந்ததென்று நின்றுபோயிருந்ததால், அதை மட்டும் திரும்பத் தொடங்கினேன்.

மின்சாரம் இருக்கிறது, மின்விசிறி சுற்றுகிறது, கணினி தன்பாட்டில் அணையத் தொடங்கியது. நான் திரையைப் பார்க்கிறேன், மாஸ்ரர் என்னைப் பார்க்கிறார். அணைந்து அரை நிமிடம் போயிருக்கும், யூபிஎஸ் டக்கென்று ஒரு சத்தம் போட்டுத் தானும் நின்றது. அதில் செருகியிருந்த ரவுட்டரும் போயிற்று.

"வைரவர் கோபிக்கிறார் போல இருக்கிறது" என்றார் மாஸ்ரர்.

நடந்தது இதுதான். யூபிஎஸ்மொன் அணைக்க முடிவெடுத்தால் முதலில் யூபிஎஸ்டியிடம் எஃப்எஸ்டி என்று ஒரு முத்திரையைக் குத்திவிடும்: கட்டாய அணைப்பு, இனிப் பேச்சில்லை. மின்சாரம் திரும்ப வந்தாலும் அந்த முத்திரை அழியாது. யூபிஎஸ்டியைத் திரும்பத் தொடங்கினால்தான் அழியும். என் ஒத்திகையில் கட்டளைதான் போலி, முத்திரை அசல். புதிதாக எழுந்த யூபிஎஸ்மொன் முத்திரையைப் பார்த்தது, கையில் இருந்த உண்மைக் கட்டளையை நிறைவேற்றியது. அதன்மேல் ஒரு பிழையும் இல்லை. யூபிஎஸ்டியை முதலில், யூபிஎஸ்மொனை அடுத்ததாக என்று வரிசையாகத் தொடங்கியிருக்க வேண்டும்.

யூபிஎஸ் தானும் நின்றதற்குக் காரணம் நான் பிறகு வருகிறேன் என்று விட்ட பவர்டவுன்ஃபிளாக். இதுதான் இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கணினி அணைந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் திரும்பி வந்தால் என்ன நடக்கும்? கணினி அணைந்துவிடும். யூபிஎஸ் நிற்கவே இல்லை. ஆகவே கணினியின் கண்ணுக்கு மின்சாரம் போய் வந்ததாகவே இருக்காது. யாராவது வந்து பொத்தானை அமுக்கும்வரை அப்படியே கிடக்கும். அதைத் தவிர்க்க, யூபிஎஸ்மொன் ஒரு சிறு கோப்பை அடையாளமாக வைத்துவிட்டு அணைக்கும். எல்லாச் சேவைகளும் நின்று, வன்தட்டும் பாதுகாப்பான பிறகு, சேவைகளைத் தொடக்கி நிறுத்தும் சிஸ்டம்டியின் கடைசிப் படியில் ஒரு நிரல் அந்த அடையாளத்தைப் பார்த்து யூபிஎஸ்ஸுக்குச் சொல்லும்: அரை நிமிடத்தில் நில், மூன்று நிமிடம் கழித்து எழும்பு. இடையில் மின்சாரம் வந்தாலும் வராவிட்டாலும் யூபிஎஸ் ஒரு முறை நின்றுதான் எழும்பும்.

மூன்று நிமிடத்தில் யூபிஎஸ் சொன்னபடி எழுந்தது. ரவுட்டர் எழுந்தது. கணினி எழவில்லை. கணினி எழும்போது முதலில் ஓடும் பயோஸின் அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தேன். மின்சாரம் போய் வந்தால் அணைந்தே இரு என்று அமைப்பு இருந்தது. எப்போதும் எழும்பு என்று மாற்றினேன். திட்டமிட்டு ஒத்திகை பார்த்திருந்தால் இந்த இடம்வரை வந்திருக்கவே மாட்டேன். ஒரு மழை இரவில்தான் தெரிந்திருக்கும்.

அன்று இரவே எட்டு மணிக்கு, போலிக் கட்டளை எதுவும் இல்லாமல், செருகியைக் கழற்றி முழுவதையும் ஓடவிட்டோம். இரண்டு நிமிடம், அணைப்பு, டக். செருகியைத் திரும்பப் போட்டோம். யூபிஎஸ், ரவுட்டர், கணினி என்று ஒவ்வொன்றாக எழுந்தன. மரியாடிபி முறையாக நிறுத்தப்பட்டு முறையாகத் தொடங்கியதாகப் பதிவேடு சொன்னது.

அசல் சோதனை வந்தது பத்து நாள் கழித்து. வாசிகசாலை பூட்டியிருந்தது, நான் கொக்குவிலில் என் வீட்டில் நித்திரை. பதிவேட்டின்படி 2:14 க்கு மின்சாரம் நின்றது. 2:16 க்கு அணைப்பு. 4:52 க்குக் கணினி திரும்ப எழுந்தது. காலையில் மாஸ்ரர் திறந்தபோது எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, வைரவருக்கு ஒரு வடைமாலை போட வேண்டும்."

"வடைமாலையை விடுங்கள், மாஸ்ரர். ஒரு புதுப் பற்றரி வாங்கித் தாருங்கள். 12 வோல்ற்று, 7 அம்பியர் மணி."

செலவுக் கொப்பியில் எழுதிக்கொள்கிறேன் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, பக்கத்து வீட்டு அக்கா படலையில் நிற்பதாகச் சொன்னார். இரவு இரண்டு மணிக்கு யூபிஎஸ் கத்திய கத்தில் அவர் வீட்டுக் குழந்தை எழும்பிவிட்டதாம். அந்தச் சத்தத்தைக் கட்டளையால் நிறுத்தலாம். யூபிஎஸ்டி யூசர்ஸில் அந்தப் பயனருக்கு இன்ஸ்ட்கமாண்ட்ஸ் என்று இன்னொரு வரி கொடுக்க வேண்டும். அதற்குச் சமக்குறி உண்டு. வருகிற சனிக்கிழமை போகிறேன்.